சரிவில் நின்ற இரண்டு ரம்புத்தான்கள்

போன ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்கு முருங்கைக்காய் வாங்கப் போனவள் ரம்புத்தானோடு திரும்பினேன். காம்போடும் இலையோடும் கொத்தாக ரஃபியா என்கிற பிளாஸ்டிக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அப்படித் தொங்குவதைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. எம்ஆர்டி ரயிலில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், மணிக்கட்டில் சுருக்கென்றது. பொடிக் கறுப்பு எறும்பு. அதைத் தட்டிவிடுவதற்குள் இன்னொன்று முழங்கைவரை ஏறிவிட்டது. பக்கத்திலிருந்த இளம்பெண் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுத்து என்னையும் பையையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு மரியாதையாக எழுந்து போய்க் கதவருகே நின்றுகொண்டாள்.

“எறும்பு இருந்தாத்தாம்மா அது மரத்துலேருந்து வந்த பழம். எறும்பு இல்லேன்னா பெட்டியிலேருந்து வந்த பழம்” என்று நானா சொல்லுவார்.

நானா யார் என்பதற்கு முன்னால் நான் யாராக இருந்தேன் என்று சொல்லிவிடுவது நல்லது. படிப்பு முடிந்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, புக்கிட் பாத்தோக்கில் ஒரு குடியிருப்புப் பேட்டை அலுவலகத்தின் முகப்பில் உட்கார்ந்து குடியிருப்பாளர்களின் குறைகளைக் கேட்பது. மின்தூக்கி நின்றுவிட்டது, மேல்வீட்டுக்காரர் துணியைப் பிழியாமல் காயப்போட்டு என் மெத்தையை நனைத்துவிட்டார், புறா, கரோக்கே, செருப்பைக் காணவில்லை. நான் பிறந்து வளர்ந்தது தஞ்சோங் பகாரில். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் பாரந்தூக்கிகள் தெரியும், கப்பலின் புகைபோக்கி தெரியும், மரம் என்று ஒன்று தெரியாது. ரம்புத்தான் செடியில் காய்க்குமா கொடியில் காய்க்குமா என்று அந்த வயதில் யாராவது கேட்டிருந்தால், ரஃபியா கயிற்றில் காய்க்கும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அந்த அலுவலகத்தை நினைத்தால் முதலில் மூக்குக்குத்தான் ஞாபகம் வருகிறது. முத்திரை மைப்பெட்டியின் வாசம், பிளாஸ்டிக் பையில் கட்டித் தொங்கும் கோப்பியின் வாசம், மழை நாளில் நனைந்த குடைகளின் வாசம். இத்தனைக்கும் நடுவில் ஒரு காலை அத்தர் வாசம் வந்தது. வாசம் வந்து சற்று நேரம் கழித்துத்தான் ஆள் வந்தார். வெள்ளைத் தொப்பி, இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, கட்டம் போட்ட கைலி. பெயர் ஹாஜா மைதீன். சிராங்கூன் ரோட்டில் கைலியும் தொப்பியும் அத்தரும் விற்கிற கடை வைத்திருந்தார். பூர்வீகம் நாகப்பட்டினம் பக்கம். கடையிலும், குடியிருந்த அடுக்குமாடி புளோக்கிலும் எல்லாருக்கும் அவர் நானாதான், அண்ணன் என்கிற மாதிரி. அன்றிலிருந்து எனக்கும்.

என் மேலதிகாரி மிஸ்டர் லிம், வருகிறவர் தமிழர் என்றால் தலை நிமிராமலே பேனாவால் என் பக்கம் காட்டிவிடுவார். காட்டினார்.

“தேனீ வருதும்மா” என்றார் நானா. “எங்க வீட்டு அடுப்படிக்குள்ள வருது. நேத்து எங்க வீட்ல அவங்கள கன்னத்துல கொட்டிருச்சு. இங்க பாரு, இவ்வளவு வீக்கம்.” வீக்கத்தின் அளவைத் தன் கன்னத்தில் கைவைத்துக் காட்டினார்.

“எங்கேருந்து நானா வருது?”

“புளோக்குக்குப் பின்னாடி ஒரு மரம் இருக்கு. வருஷா வருஷம் பூக்குது, ஒரு காய் கிடையாது. பூ பூரா காயப்போட்ட துணியில விழுகுது. எறும்பு வேற. அத வெட்டிடுங்க.”

வேலைக்குச் சேர்ந்த புதுசு. எல்லாவற்றையும் நேரில் பார்க்கவேண்டும் என்ற வெறி எனக்கு. அன்று மத்தியானமே போனேன்.

புளோக்குக்குப் பின்னால் நிலம் மேடாக ஏறிப் போயிற்று. அங்கே முன்பு கம்பம் என்கிற பழைய கிராமம் ஒன்றும் பழத்தோட்டமும் இருந்ததாம். வீடுகள் கட்டும்போது தோட்டத்தை எடுத்தவர்கள், சரிவில் இருந்த ஒரே ஒரு பெரிய ரம்புத்தானை மட்டும் என்ன காரணத்தாலோ விட்டுவைத்திருந்தார்கள். அடிமரம் ஒரு ஆள் கட்டிப்பிடிக்கும் அளவு. அதிலிருந்து பத்தடி தள்ளி இன்னொன்று, வயதில் சின்னது. நான் பார்த்தபோது இரண்டுமே பூவில் இருந்தன. ரம்புத்தான் பூவை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்த்தாலும் பூ என்று தோன்றாது. இதழ் கிடையாது. பச்சையும் மஞ்சளுமாகப் பொடி மணிகள், கிளை நுனியில் கலைந்த சிண்டு மாதிரி நிற்கும். வாசனை மட்டும் வெல்லப்பாகு காய்ச்சுகிற வீட்டில் நுழைந்த மாதிரி. சின்ன மரத்தில் தேனீ இரைச்சல் ஒரு மோட்டார் ஓடுவது போலக் கேட்டது. தரையெல்லாம் மஞ்சள் தூள். நான் போட்டிருந்த ஒரே நல்ல கறுப்புப் பாவாடையிலும் மஞ்சள் தூள்.

பெரிய மரம் நானாவின் செல்லம் என்பது போகப்போகத் தெரிந்தது. ஆண்டுக்கு இரண்டு பருவம், மரம் முழுக்கச் செக்கச்செவேலென்று காய்க்கும். சதை கொட்டையில் ஒட்டாமல் கழன்று வரும் நல்ல சாதி. புளோக்கு முழுக்கப் பறித்தும் தீராது. முதல் சில வருஷங்கள் அது ஏதோ கடனுக்குக் காய்த்ததாகவும், தான் தினமும் மீன் கழுவிய தண்ணீரும் தேயிலைச் சக்கையும் ஊற்ற ஆரம்பித்த பிறகுதான் இப்படிக் கொட்டுகிறது என்றும் நானா சொல்லுவார். மற்றவர்களும் மறுப்பதில்லை. பழம் தின்கிறவர்கள் எதற்கு மறுக்கவேண்டும்?

சின்ன மரத்துக்குச் சொந்தக்காரி கமலா அக்கா. சொந்தம் என்று சட்டப்படி சொல்லமுடியாது, நிலம் பொதுநிலம். ஆனால் அதை வைத்தது அவர். ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை. கணவர் வீரையா, துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர். என் அப்பாவின் பெயரைச் சொன்னதும் “ஓ, அவரா” என்றார். அன்று முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான்.

“வீட்டுச் சாவி வாங்குன அன்னைக்கு வந்தோம் தங்கச்சி” என்று கமலா அக்கா சொன்னார். “உள்ள ஒரு சாமான் கிடையாது. இவரு பின்னாடி போயி அந்தப் பெரிய மரத்துல ஒரு கொத்து ஒடிச்சிக்கிட்டு வந்தாரு. சிமெண்டுத் தரையில உக்காந்து தின்னோம். கொட்டையப் போட மனசு வரல. பால்மாவு டின்னுல போட்டு வச்சேன். காய விட்டா செத்துடுமாம், உடனே போடணுமாம். போட்டேன், முளைச்சிருச்சு லா.”

டின்னில் முழங்கால் உயரம் வந்ததும் இரண்டு பேருமாகச் சரிவில் குழி தோண்டி வைத்தார்கள். மழைக்காலம் பார்த்து வைத்ததால் தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம். வெயில் சுடாமல் இருக்க முதலில் ஒரு பழைய குடையை விரித்து நட்டிருந்தார்களாம். குடையை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், செடியை விட்டுவிட்டார்கள். ஐந்தாறு வருஷம் கழித்து முதல் பூ. அன்று கமலா அக்கா வேலைக்கு விடுப்புப் போட்டாராம். பூ உதிர்ந்தது, காய் இல்லை. அடுத்த பருவம் பூ, காய் இல்லை. ஒவ்வொரு தடவையும் “இந்த வாட்டி பாருங்க” என்று பக்கத்து வீட்டில் சொல்லிவைப்பார். இந்த வாட்டியும் இல்லை.

மிஸ்டர் லிம்மிடம் விஷயத்தைச் சொன்னேன். அனுமதி இல்லாமல் வைத்த மரம், வெட்டவேண்டியதுதான் என்றார். ஆனால் ஒரு ஆள் மட்டும் கேட்டு, இன்னொரு ஆள் வேண்டாம் என்றால் கொஞ்சம் ஆறப்போடு என்றும் சொன்னார். ஆறப்போடுவது ஓர் அலுவலகக் கலை. அதை நான் அவரிடமிருந்துதான் கற்றேன்.

ஆறப்போட்டிருந்தபோதுதான் அது நடந்தது. ஒரு மாலை, மின்தூக்கிக்காக ஆட்கள் காத்திருந்த இடத்தில் நானாவும் கமலா அக்காவும் எதிரெதிரே வந்துவிட்டார்கள். நான் அங்கே இல்லை, பிறகு கேட்டதுதான். தேனீ பற்றிப் பேச்சு வந்திருக்கிறது. கமலா அக்கா, இன்னும் ஒரு பருவம் பொறுங்கள் என்று கேட்டிருக்கிறார். நானாவுக்குக் கோபம். “காய்க்காத மரத்துக்கு இவ்வளவு வக்காலத்தா? வச்சிருந்து என்னத்துக்கு ஆகப்போகுது?” என்றிருக்கிறார். அத்தனை பேர் முன்னால்.

அடுத்த நாள் காலையில் கமலா அக்கா வேலைச் சீருடையோடு அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“வெட்டச் சொல்லிடுங்க தங்கச்சி” என்றார்.

எனக்குப் புரியவில்லை. இவ்வளவு நாள் வேண்டாம் என்றவர் இவர்தானே. “ஏங்கா? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?”

“அவரு மரத்தத்தான் சொன்னாரு. எனக்குத் தெரியும்.” கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். “எங்களுக்குப் புள்ள இல்ல, உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. ரொம்ப வருஷம் கேட்டாச்சு அந்த வார்த்தைய. ஊர்ல, கல்யாண வீட்டுல, கோயில்ல. இங்க தனி வீடு வந்தப்புறந்தான் நின்னுச்சு. இப்ப மறுபடியும் ஜன்னலத் திறந்தா அந்த மரத்தப் பாத்து எவனாச்சும் அதையே சொல்லுவான். எனக்கு வேணாம்.”

அந்த வயதில் எனக்கு எதற்கும் பதில் சொல்லத் தெரியும் என்ற நினைப்பு இருந்தது. அன்று, குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் கேட்டேன். வேண்டாம் என்று போய்விட்டார்.

மரம் வெட்ட ஆட்கள் வந்த அன்றும் அது பூவோடுதான் இருந்தது. இயந்திர ரம்பத்தின் சத்தம் அலுவலகம்வரை கேட்டது. வேரைத் தோண்டினால் சரிவில் மண் இறங்கும் என்று அடிக்கட்டையை மட்டும் முழங்கால் உயரத்துக்கு விட்டுவிட்டார்கள். நான் சாயங்காலம் அந்தப் பக்கமாக நடந்து போனேன். தேனீக்கள் மரம் இருந்த உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. கமலா அக்கா வீட்டு அடுப்படி ஜன்னல் சாத்தியிருந்தது.

இதற்குப் பிறகு வந்த பருவத்தைத்தான் என்னால் மறக்கமுடியாது. பெரிய மரம் வழக்கம்போலப் பூத்தது, நிறையவே. பட்டாணி அளவுக்குப் பிஞ்சும் வைத்தது. பிறகு உதிர ஆரம்பித்தது. காலையில் சரிவைப் பார்த்தால் பச்சைப் பாசி படர்ந்த மாதிரிப் பிஞ்சுகள் கிடக்கும். மிஞ்சி நின்று சிவந்த கொஞ்சநஞ்சக் காயும் விரல்நுனி அளவுக்கு மேல் வளரவில்லை. உரித்தால் உள்ளே ஒன்றுமில்லை. நானா ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்து உரித்துக் காட்டினார். இறந்துபோன ஒன்றை அடையாளம் காட்டச் சொன்ன மாதிரி இருந்தது அவர் முகம்.

“என்னம்மா இது? நான் என்ன கொற வச்சேன்?”

குறை வைக்காமல் இருக்க மீன் தண்ணீரை இரண்டு மடங்காக்கினார். தெரிந்த மீன்கடையிலிருந்து வாளியில் வரவழைத்தார். விளைவு, நாற்றம் தாங்கவில்லை என்று இப்போது நானாவின் மேல் குறை வர ஆரம்பித்தது. ஒரு சீனப் பாட்டி, மூக்கைப் பிடித்துக்கொண்டே என்னிடம் முழுக் குறையையும் சொல்லி முடித்தார். நான் நானாவிடம் போய்ச் சொன்னேன். அவர் சண்டை போடவில்லை. வாளியைக் கழுவி வைத்துவிட்டார். அதற்கடுத்த பருவமும் அப்படியேதான் போயிற்று.

மனிதர்களை எனக்கு ஏன் பிடிக்கிறது என்று யாராவது கேட்டால், அதன்பிறகு நானா செய்ததைத்தான் சொல்லுவேன். பலபேர் மரத்துக்கு வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டார்கள். அவருக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. கடைக்கு வருகிற ஜோகூர்காரர்களிடமெல்லாம் கேட்டார். மழை என்றார் ஒருவர், புகைமூட்டம் என்றார் இன்னொருவர், யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார் மூன்றாமவர். கடைசியில் ஜோகூரின் பத்து பகாட் ஊரில் பழத்தோட்டம் வைத்திருக்கும் அவருடைய மச்சான் வீட்டில் ஒரு கல்யாணம் வந்தது. போய்விட்டு வந்தவர் மறுநாள் அலுவலகத்தைத் திறக்கும் முன்னமே வாசலில் நின்றார். அன்று அத்தர்கூடப் போட்டிருக்கவில்லை.

“எல்லா மரமும் செவப்பா நிக்குதும்மா. நடுவுல ஒண்ணு மட்டும் வெறும் பச்சை. ‘இத ஏன் மச்சான் வச்சிருக்கீங்க, வெட்டிட்டு நல்லதா ஒண்ண வைக்கலாமே’ன்னு கேட்டேன். சிரிச்சாரு. ‘இத வெட்டுனா மத்ததெல்லாம் வெறுங்கைதான் மச்சான்’னாரு.” நிறுத்தி, மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அது ஆம்பள மரமாம்மா.”

அவர் சொன்னது எனக்குப் புரிய நேரமாயிற்று. உங்களுக்கு நேராகச் சொல்லிவிடுகிறேன். நாம் ஆசையாகத் தின்னும் ரம்புத்தான் மரங்களின் பூவில் மகரந்தப் பை இருந்தாலும் பெரும்பாலும் அது திறப்பதில்லை. கொட்டையிலிருந்து முளைக்கும் மரங்களில் பாதிக்குப் பாதி ஆணாகப் போய்விடும். அது பூக்கும், மகரந்தத்தை வாரி இறைக்கும், காய்க்காது. தேனீக்கள் அந்தத் தூளைக் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் பக்கத்து மரம் பிடித்துக் காய்க்கும். முளைத்தது ஆணா பெண்ணா என்று பூக்கும்வரை யாருக்கும் தெரியாது. அதனால்தான் தோட்டக்காரர்கள் கொட்டையை நம்பாமல், காய்க்கிற மரத்தின் மொட்டை எடுத்து ஒட்டுக் கட்டுகிறார்கள்.

அன்று எனக்கு வந்த வெட்கத்தையும் சொல்லவேண்டும். பள்ளிக்கூடத்தில் தமிழ்த் தேர்வுக்கு ஆண்பனை, பெண்பனை என்று உருப்போட்டு மதிப்பெண் வாங்கியவள் நான். ஆண்பனையில் நுங்கு தேடாதே என்று அம்மா யாரையோ திட்டும்போது சொல்லக் கேட்டிருக்கிறேன். பப்பாளியில் ஆண் உண்டு என்பது தஞ்சோங் பகாரிலேயே எல்லாருக்கும் தெரியும். இத்தனை தெரிந்திருந்தும், நாள் முழுக்கத் தேனீ இரைந்த ஒரு மரத்தைப் பார்த்து, இது எதற்காக இவ்வளவு மெனக்கெடுகிறது என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

“நீ கூட வர்றியாம்மா?” என்றார் நானா. எங்கே என்று நான் கேட்கவில்லை.

கமலா அக்கா கதவைத் திறந்து எங்களைப் பார்த்ததும் முகம் இறுகிற்று. ஆனாலும் உள்ளே வரச் சொல்லி, மைலோ கலந்து கொண்டுவந்து வைத்தார். வீரையா அண்ணன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். நானா மைலோவைத் தொடாமல், பத்து பகாட்டில் கேட்டதை முதலிலிருந்து சொன்னார். முடித்ததும், “நான் யோசிக்காம பேசிட்டேன் தங்கச்சி. எல்லாரையும் வச்சுக்கிட்டுப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காத” என்றார்.

கமலா அக்கா மைலோக் கோப்பையை நானாவின் பக்கம் நகர்த்தி வைத்தார். “நீங்க மரத்தத்தான் சொன்னீங்க நானா. ஆனா அந்த வார்த்த எங்க வீட்டுல ரொம்ப நாளா இருக்கற வார்த்த. அது உங்களுக்குத் தெரியாது.”

நானா தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு ஐந்து பிள்ளைகள். அதுவரை அவருக்கு உண்மையிலேயே அது தோன்றியிருக்கவில்லை என்பது அந்தக் குனிவில் தெரிந்தது.

“அப்ப அது சும்மா நிக்கல” என்றார் கமலா அக்கா. எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை.

அப்போதுதான் வீரையா அண்ணன் வாயைத் திறந்தார். “அப்ப இத்தன வருஷமா நீங்க எல்லாருக்கும் குடுத்த பழம்... மீன் தண்ணிக்கு இல்லையா?”

நானாவுக்கு முதலில் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. கமலா அக்காதான் முதலில் சிரித்தார். பிறகு ஆறிப்போன மைலோவை எல்லாரும் குடித்தோம்.

அன்றே நாலு பேருமாகச் சரிவுக்குப் போய்ப் பார்த்தோம். வெட்டிய கட்டையிலிருந்து துளிர்கள் நெஞ்சு உயரத்துக்கு வளர்ந்திருந்தன. வெட்டிவிட்டோம் என்று நாங்கள் கணக்கை முடித்திருந்தோம், அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. மிஸ்டர் லிம்மிடம் போய், கட்டையை எடுக்கவேண்டாம், சரிவுக்குப் பிடிப்பு என்று சொன்னேன். “நான் எதையும் பார்க்கவில்லை” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, “காய்த்தால் மட்டும் சொல்” என்றார்.

பத்து பகாட் மச்சான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். பருத்த மனிதர், சரிவில் ஏறியதும் மூச்சு வாங்கியது. கட்டையில் வலுவான துளிர்கள் சிலவற்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்தார். பெரிய மரத்தில் ஒரு கிளையிலிருந்து மொட்டுக் கண்ணை எடுத்தார். துளிரின் பட்டையில் சின்ன ஜன்னல் மாதிரி வெட்டி, அதே அளவில் கண்ணோடு வெட்டிய பட்டையை அதில் பொருத்தி, பிளாஸ்டிக் பட்டையால் தண்ணீர் புகாமல் சுற்றினார். கட்டிய துளிரெல்லாம் காய்க்கும் என்றார்.

“இத விட்டுருங்க” என்று கமலா அக்கா நடுவிலிருந்த துளிரைப் பிடித்துக்கொண்டார்.

மச்சான் சிரித்தார். “அத நானே விடத்தான்மா சொல்லுவேன். அது இல்லாட்டி இது எதுக்கு?”

அந்தத் தடவை கட்டியது அத்தனையும் மழையில் அழுகிப்போயிற்று. மச்சான் மறுபடி வரமுடியவில்லை. நானா ஒருமுறை முயன்றார். அவர் வெட்டிய ஜன்னலில் யானையே நுழையலாம். மூன்றாவது தடவை வீரையா அண்ணன் கத்தியைக் கையில் வாங்கினார். கப்பலின் வயிற்றுக்குள் பெட்டிகளை உரசாமல் இறக்குகிற கை. சில வாரங்கள் கழித்துச் சுற்றிய பிளாஸ்டிக்கைப் பிரித்து நகத்தால் கீறிப் பார்த்தபோது உள்ளே பச்சை. அதைப் பார்த்துவிட்டு அவர் தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் வருஷம் காய்த்தது. நடுவில் ஒரு கிளை பச்சையாக, அதைச் சுற்றிச் சிவப்புக் கொத்துகள். பெரிய மரமும் பழையபடி கொட்டத் தொடங்கியது. தேனீயும் வந்தது. நானா வீட்டு அடுப்படி ஜன்னலுக்குக் கம்பிவலை போட்டாயிற்று. முதல் கொத்து மிஸ்டர் லிம் மேஜைக்குப் போனது. நடுக்கிளை ஏன் காய்க்கவில்லை என்று யாராவது கேட்டால் போதும், நானா அவர்களை நிறுத்திவைத்து முழுக்கதையும் சொல்லித்தான் அனுப்புவார். தான் பேசிய பேச்சையும் விடமாட்டார். மீன் தண்ணீரை மட்டும் விட்டுவிடுவார்.

நான் அந்த வேலையிலிருந்து வேறு வேலைக்குப் போனேன், கல்யாணமானது, பிள்ளைகள் வந்தார்கள். பருவம் வந்தால் மட்டும் கமலா அக்காவிடமிருந்து தொலைபேசி வரும், நானும் ஒரு பையோடு போவேன். பல வருஷம் கழித்து அந்தப் புளோக்குகளை இடித்துப் புதிதாகக் கட்டப்போவதாகச் செய்தி வந்தது. எல்லாரும் வேறு வேறு பக்கம் வீடு வாங்கிக்கொண்டு போனார்கள். நானா மகன் வீட்டுக்குப் போய், அங்கேயே காலமானார். கமலா அக்காவும் வீரையா அண்ணனும் பாசிர் ரிஸ்ஸில் இருக்கிறார்கள். கடற்காற்று, நல்ல வீடு, தாழ்வாரத்தில் தொட்டி வைத்து மிளகாய் போட்டிருக்கிறார்கள்.

காலியான புளோக்கைச் சுற்றித் தகரத் தடுப்பு வைத்திருந்த சமயத்தில் ஒருநாள் அங்கே போனேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. பருவம் என்று கால்கள் நினைத்துக்கொண்டன போலிருக்கிறது. தடுப்புக்கு மேலே இரண்டு மரமும் சிவப்பாகத் தெரிந்தன. பறிக்க ஆள் இல்லாமல் கிளைகள் தாழ்ந்திருந்தன. வாசலில் மஞ்சள் தலைக்கவசம் போட்ட ஓர் ஊழியர் பழங்களைக் கூட்டிப் பைக்குள் அள்ளிக்கொண்டிருந்தார். நான் நிற்பதைப் பார்த்துத் தமிழில் கேட்டார்.

“யாரைக்கா பாக்குறீங்க? இங்க யாரும் இல்லையே.”

அறந்தாங்கிப் பக்கம் ஊர் என்றார். வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

“அத ஏன் குப்பையில போடறீங்க தம்பி?”

“இது என்னக்கா காய்? முள்ளு முள்ளா இருக்கு, கையில எடுக்கவே பயமாயிருந்துச்சு. வெஷமோன்னு நெனச்சேன்.”

ஒன்றை வாங்கி இரண்டு கையாலும் திருகித் திறந்து நீட்டினேன். முள் இல்லை, வெறும் மயிர் என்று தொட்டுப் பார்த்தபின்தான் வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

“நுங்கு மாதிரி இருக்குக்கா. ஆனா இனிப்பா, கொஞ்சம் புளிப்பா.” திரும்பிக் குப்பைப் பைகளைப் பார்த்தார். “ரெண்டு நாளா அள்ளிப் போட்டுக்கிட்டிருக்கேன்” என்று மெதுவாகச் சொன்னார். பிறகு உள்ளே போய், இரண்டு கையும் கொள்ளாமல் ஒடித்துக்கொண்டு வந்தார். பாதியை எனக்குக் கொடுத்தார். தடுப்பின் நிழலில் நின்றே தின்றோம்.

“கொட்டைய ஊருக்கு எடுத்துட்டுப் போனா மொளைக்குமாக்கா?”

“காய விடாம உடனே போடணும். எப்ப ஊருக்குப் போறீங்க?”

“அடுத்த வருஷம்” என்று சிரித்தார். கொட்டையைத் தூர எறிந்தார். அடுத்த வாரம் மண்வெட்டும் இயந்திரம் வருகிறது, மேடு முழுக்கப் போய்விடும் என்றும் அவர்தான் சொன்னார்.

போய்விட்டது. மரத்தை வெட்டினால் அடிக்கட்டையாவது இருக்கும், இடத்தையாவது காட்டலாம் என்று நான் நினைத்திருந்தேன். அவர்கள் சரிவையே வெட்டிச் சாலை மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இப்போது அங்கே பலமாடிக் கார் நிறுத்துமிடம். ஒருமுறை கமலா அக்காவோடு அதன் எதிரே நின்று, மரம் எங்கே இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். பழைய மேட்டின் உயரத்தை வைத்துப் பார்த்தால் வேர் இருந்த இடம் இரண்டாவது தளம் அளவுக்கு வரும். கமலா அக்கா விரலை நீட்டிக் காட்டினார். அங்கே மண் இல்லை. ஒரு வெள்ளை நிறக் கார் நின்றுகொண்டிருந்தது, அதற்கு மேலே இன்னொரு கார்.